முந்தானையைப் பிடித்த கை

மைசூர்
8-11-1998

தம்பி காளியப்பனுக்கு அக்கா பாப்பம்மாள் எழுதுவது.

போன தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இந்தத் தீபாவளியும் முடிந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபம் எதுவும் இல்லை. எழுத ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை. மஞ்சுநாத் வேலைக்குப் போகிறான், வருகிறான். மருமகள் உமாதேவி குறை சொல்ல முடியாதபடிதான் பார்த்துக்கொள்கிறாள். உன் மச்சான் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. காலையில் காப்பிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை வந்திருக்கிறது. பழைய போட்டோவைக் கொடுத்தால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் கவிழ்த்து மூடுகிறார்கள். உள்ளே ஒரு விளக்கு நகர்கிறது. கொஞ்ச நேரத்தில் படம் டிவியில் வருகிறது. ஒவ்வொரு போட்டோவிலிருந்தும் ஒவ்வொரு ஆளை வெட்டி எடுத்து, எல்லோரையும் ஒரே படத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். மனிஷா என்று ஒருத்தி இந்த வேலை செய்கிறாள். முப்பது வயது இருக்கும். தமிழ் தெரியாது, நான் கன்னடத்தில் பேசுகிறேன். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். துணிப்பையில் போட்டோவைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் மாதிரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம்.

நம் வீட்டில் போனவர்களை எல்லாம் ஒரே படத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அய்யனும் அம்மாவும் பழனிக்குப் போனபோது எடுத்த போட்டோவிலிருந்து வந்தார்கள். மாமியார் பென்ஷனுக்கு எடுத்ததிலிருந்து. உன் மச்சான் ஃபாக்டரி கார்டிலிருந்து. அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அது தங்காயிக்கு.

அவள் முகம்தான் இல்லை. "புள்ளயப் படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சு போயிரும்" என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார், உனக்குத் தெரியும். என் பிள்ளையை ஒரு தடவைகூடப் படம் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே ஆறு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். மாமியார் அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார்.

தம்பி, அவள் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இதை இந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. மஞ்சுநாத் அவள் போன பிறகு பிறந்தவன். பச்சைப் பாவாடை ஞாபகம் இருக்கிறது. குரல் இருக்கிறது. முகத்தை நினைத்தால் தட்டிப் போடாத மாவு மாதிரி ஒன்றுமில்லாமல் வருகிறது. அழுகையாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர்களில் நீயும் நானும்தான் மிச்சம்.

உன் கல்யாணப் படம் உன்னிடம்தானே இருக்கிறது? வேறு யாராவது எடுத்த படமாக இருந்தாலும் சரி, ஏதாவது ஓர் ஓரத்தில் அவள் நின்றிருக்க மாட்டாளா? பெட்டியைக் கொஞ்சம் தேடிப் பார். கிடைத்தால் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. மடிக்காதே.

பாப்பம்மாள்


ஹனூர்
25-11-1998

அக்காவுக்குக் காளியப்பன்.

கோபம் இல்லையாம், எழுத ஒன்றும் இல்லையாம்! அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வருஷமாக மைசூர் பஸ் கண்டக்டரைக் கேட்கிற நிலைமையில் என்னை வைத்துவிட்டு, எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன் கடிதத்தைப் பார்த்ததும் கௌரம்மா, "ஆருக்கு என்னாச்சுங்க, மொதல்ல அதப் படிங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த ஊர் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த காலத்துத் தமிழ்ப் படிப்பு நம்மோடு சரி. மகன் கன்னடப் பள்ளிக்கூடத்துக்காரன். ஆகவே நீ என்ன எழுதினாலும் என்னைத் தாண்டிப் போகாது, தாராளமாக எழுது.

படித்து முடித்ததும் கௌரம்மாவிடம் மட்டும் சொன்னேன். இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறந்து தேடினோம். கல்யாணப் படம் கிடைத்தது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, நல்லவேளை அந்தப் பக்கம் நாதஸ்வரக்காரர்தான் நின்றிருந்தார். நீ இந்தப் பக்கம் கடைசியில் நிற்கிறாய். பார்த்துக்கொண்டே இருந்த கௌரம்மா சட்டென்று விரலை வைத்தாள். உன் முந்தானையை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. முழங்கை வரைக்கும்தான். அதோடு படம் முடிந்துவிட்டது.

"தங்காயி கைதானுங்க இது. போட்டாக்காரரு கறுப்புத் துணியத் தலைக்கு மேல போட்டதும், உங்கக்கா மாமியா புள்ளயப் புடிச்சு அந்தப் பக்கம் இழுத்துட்டாங்க. புள்ள முந்தானைய உடவே இல்லீங்க" என்றாள். கல்யாணப் பெண்ணாக நின்றவள் குனிந்த தலையோடு இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மாப்பிள்ளை ஜம்பத்தில் விறைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

வேறு படம் இல்லை. இதையே அனுப்புகிறேன். கூடவே பேத்தி மாதேவி படம் ஒன்றும் வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சேர்க்க எடுத்தது. நீ அவளைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று! நம் வீட்டு நெற்றி அப்படியே இறங்கியிருக்கிறது. வாயைத் திறந்தால் மூடுகிறதில்லை. என்னை "ஏ காளி" என்றுதான் கூப்பிடுகிறாள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. ராகிக் காட்டில் யானை புகுந்து மிதித்துவிட்டுப் போனது. மஞ்சள் தப்பித்தது.

காளியப்பன்


மைசூர்
20-12-1998

தம்பி காளியப்பனுக்கு,

இரண்டு படமும் மடங்காமல் வந்தன. கல்யாணப் படத்தை மனிஷா பெரிதாக்கினாள். கை டிவி முழுக்க வந்தது. நாலு விரல் தெரிந்தது, கட்டைவிரல் சேலை மடிப்புக்குள் போய்விட்டது. மணிக்கட்டில் ஒரு கண்ணாடி வளையல். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். அப்புறம் விரலும் இல்லை, வளையலும் இல்லை, கறுப்பும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக வந்தது. "இஷ்டே அம்மா" என்றாள். இவ்வளவுதான் இருக்கிறது.

நீங்களும் இந்தப் படத்திலிருந்து வந்துவிடுங்கள், கையும் உங்களோடு சேர்ந்து வந்துவிடும் என்று சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் போனவர்கள். இருக்கிறவள் போய் எப்படி நிற்பது?

அப்போது உறைக்குள்ளிருந்து மாதேவி படம் கீழே விழுந்தது. மனிஷா அதை எடுத்துப் பார்த்துவிட்டு "நிம்ம மகளா?" என்று கேட்டாள். உங்கள் மகளா என்று. தம்பி பேத்தி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த நெற்றியும் கண்ணும் பார்த்ததும், இத்தனை நாளாக ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில் ஏதோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இப்படித்தான் இருந்திருப்பாள் என்று பட்டது. பள்ளிக்கூட உடுப்பை எடுத்துவிட்டுப் பாவாடை போடச் சொன்னேன். பச்சையில் கேட்டேன். எல்லோரும் கறுப்பு வெள்ளையில் இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் பச்சை போட்டால் நன்றாகவா இருக்கும் என்றாள். சரி, சாம்பலாகவே இருக்கட்டும் என்றேன்.

அந்தக் கடையில் கடைசி வேலை மாலை போடுவது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தன மாலை, நெற்றியில் குங்குமம். நான் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. அங்கே வருகிற படமெல்லாம் போனவர்கள் படம், கை பழக்கத்தில் போட்டுவிடுகிறாள். பிரிண்ட் வந்த பிறகுதான் பார்த்தேன். பிள்ளைக்கும் மாலை இருந்தது. போனவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். தங்காயி என்றே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒன்றை இங்கே மாட்டியிருக்கிறேன். ஒன்றை உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கூடத்தில் மாட்டு. அம்மா பக்கத்தில் நிற்பது தங்காயி.

பாப்பம்மாள்


ஹனூர்
4-1-1999

பாப்பம்மாளுக்கு,

அக்கா என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

தபால் வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். கௌரம்மாதான் பிரித்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, படம் பார்க்கத் தெரியுமே. செத்தவர்கள் நடுவில் பேத்தி நிற்கிறாள், கழுத்தில் மாலை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டு ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். நான் போய்ச் சேரும்போது தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டு அனுப்பிச்சிருக்காங்களே! உங்கக்காவுக்கு நாம என்னுங்க கெடுதல் பண்ணுனோம்?" உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

மறுநாள் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. மருமகள் துணியை மூட்டை கட்டினாள், பிள்ளையைத் தோளில் போட்டாள், சாமராஜநகர் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "அந்தப் படம் இருக்கற வரைக்கும் நா வரமாட்டேனுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

படத்தை எரித்தேன். பேத்தியை மட்டும் தனியாக எரிக்க முடியுமா? அய்யன், அம்மா, மச்சான் எல்லோரும் சேர்ந்துதான் எரிந்தார்கள். அந்தப் பாவமும் என் தலையில். மகன் சொல்கிறான், எரித்துப் பிரயோஜனம் இல்லை, கம்ப்யூட்டருக்குள் அது அப்படியே இருக்கும், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. அது எப்படி இருக்கும், எந்த ரூபத்தில் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. தீ வைக்க முடியாத ஓர் இடத்தில் என் பேத்தி மாலையோடு நிற்கிறாள், அது மட்டும் விளங்குகிறது.

நீயே எழுதியிருக்கிறாய், 'இருக்கிறவள் போய் எப்படி நிற்பது' என்று. உனக்கு ஒரு நியாயம், ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா? நீ நாசூக்காக விலகிக்கொண்டாய், அவளைக் கொண்டுபோய் நிறுத்தினாய். செத்த பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையைக் காவு கொடுக்கப் பார்த்தாயா?

உன் வீட்டில் மாட்டியிருப்பதை எரி. கம்ப்யூட்டரில் இருப்பதை அழி. அழித்துவிட்டு எழுது. அதுவரை இந்த வீட்டுப் பக்கம் வரவேண்டாம்.

காளியப்பன்


மைசூர்
9-1-1999

தம்பி காளியப்பனுக்கு,

அழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மனிஷாவிடம் அது யார் என்று இப்போதாவது சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். இருக்கிற குழந்தைக்கா மாலை போட்டேன், ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அழிக்கப் போனால் நிஜமாகவே அழிக்கவா என்று அந்தக் கம்ப்யூட்டரே கேட்கிறதாம். அவளும் திரும்பி என்னைப் பார்த்து "டிலீட் மாட்லா அம்மா?" என்றாள். எந்தப் பொத்தான் என்று காட்டச் சொன்னேன். நானே அமுக்கினேன். நாளைக்கு யார் அமுக்கியது என்று நீ கேட்டால் பதில் வேண்டுமே. சத்தம் எதுவும் வரவில்லை. பிள்ளை நின்ற இடத்தில் சுவர் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் போனபோதும் இப்படித்தான், சத்தம் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன்.

வீட்டில் மாட்டியிருந்ததை அடுப்பில் போட்டேன். ஆணி சும்மா இருந்தது. உமாதேவி அதில் காலண்டரை மாட்டிவிட்டாள்.

நீ எழுதியதெல்லாம் நியாயம். ஒன்று மட்டும் இல்லை. காவு கொடுக்கப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாய். பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கேட்கிற கேள்வியா அது? நீ கேட்கலாமா?

பேத்திக்கு ஜுரம் விட்டதா என்று எழுது.

பாப்பம்மாள்


மைசூர்
19-2-1999

தம்பிக்கு,

மாதேவிக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

பாப்பம்மாள்


ஹனூர்
2-5-1999

அக்காவுக்கு,

மாதேவி நன்றாக இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படி.

அந்த ஜுரம் அம்மையாக இறங்கியது. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை. அவர்களுக்கெல்லாம் யாரும் மாலை போட்டு அனுப்பவில்லையே என்று கௌரம்மாவிடம் கேட்டேன். "அதுக்காவ?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டாள். தழும்பு எல்லாம் மறைந்துவிட்டது, மூக்கு நுனியில் மட்டும் ஒன்று நிற்கிறது. மருமகள் யுகாதிக்குத் திரும்பி வந்துவிட்டாள். உன் கார்டு வந்தபோதே இதை எழுதியிருக்கலாம். வீம்பு. வேறென்ன? காவு என்று எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். அம்மை இறங்கினால் முடி காணிக்கை என்று மருமகள் வேண்டியிருந்தாள். மொட்டை போடுவதற்கு முன்னால் மாதேவிக்குப் பூ வைத்து ஜடை பின்னிப் படம் எடுத்தார்கள். அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஜடையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒரு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஞாபகம் வந்தது. அட, என்னையும் இதே மலையில் இப்படி நிறுத்தினார்களே!

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முடி இறக்குவதற்கு முன்னால் பையனுக்குப் பெண் வேஷம் போட்டுப் படம் எடுப்பது நம் வீட்டு வழக்கம். ஜாத்திரைக்கு வந்த போட்டோக்காரர். பாவாடை உன்னுடையது, நீளம் அதிகம் என்று இடுப்பில் மடித்துக் கயிறு கட்டினாய். ஜடை பின்னியதும் நீதான். எனக்கு ஐந்தோ ஆறோ வயசு.

அந்தப் படம் இத்தனை காலமும் பெட்டியின் அடியில், விரித்த காகிதத்துக்குக் கீழே இருந்தது. கௌரம்மா கண்ணில் பட்டால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாளே என்று நான்தான் ஒளித்து வைத்தேன். நீ தேடச் சொன்ன அன்றைக்கும் காகிதத்தைத் தூக்காமல் மேலே மேலேதான் தேடினேன். மலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்த்தேன்.

அக்கா, தங்காயி நிற்கிறாள்.

அவள் பிறந்த அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்? "மாமன உரிச்சு வெச்சிருக்குது." ஊரே அதைத்தான் சொல்லிற்று. அவளும் அதை வைத்துத்தானே சந்தையில் என்னை மடக்குவாள்! "உன்ற மூஞ்சிதான எனக்கு? அப்ப முட்டாய் வாங்கிக் குடு" என்று வேட்டியைப் பிடித்துக்கொள்வாள். இது எனக்கு எப்படி மறந்தது? தினம் காலையில் கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணுகிறேன், ஒரு நாளாவது தோன்றவில்லையே.

கௌரம்மாவிடம் காட்டினேன். நினைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கு எடுத்தேன் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "பேத்திக்கு ஆவாதுன்னா உங்குளுக்கு மட்டும் ஆவுங்களா?" என்றாள். "நா என்ன பச்சப்புள்ளயா? அறுவது ஆவப்போவுது. என்னைக்கிருந்தாலும் அந்த வரிசைக்குப் போறவந்தான, கொஞ்சம் முந்திப் போயி நிக்கறேன்" என்றேன். உள்ளே போனவள் சாயங்காலம் வரைக்கும் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் படத்துக்கு அட்டை தேடிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தாள்.

அக்கா, என் முகத்தை எடுத்துக்கொள். மாலை போட வேண்டியிருந்தால் போட்டுக்கொள். இருக்கிற பிள்ளையை நிறுத்தக் கூடாது. தாய்மாமன் நிற்கலாம். அவளுக்கு நான் செய்ய வேண்டிய சீர் எவ்வளவோ இருந்தது. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்ததோடு நின்றுவிட்டது. மிச்சத்துக்கு இதை வைத்துக்கொள்.

காளியப்பன்


மைசூர்
23-5-1999

தம்பி காளியப்பனுக்கு,

படம் வந்தது. உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பார்த்தேன். அழுதேன் என்று எழுதினால் உனக்குத் திருப்தியாக இருக்கும். அழவில்லை. எங்கோ போயிருந்தவள் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். உமாதேவி எட்டிப் பார்த்து "யாரு அத்தை இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆணியிலிருந்து காலண்டரை அவளே எடுத்தாள்.

கடைக்குப் போனதும் இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன், இது என் தம்பி, உயிரோடு இருக்கிறான், அவனே கொடுத்திருக்கிறான் என்று. மனிஷா நம்பவில்லை. பெண் குழந்தைதான் என்று சாதித்தாள். பிறகு, அந்தக் கல்யாணப் படத்திலிருந்து நானும் வருகிறேன் என்றேன். தம்பி நிற்கும்போது நான் மட்டும் விலகி நிற்பதா? நான் வந்ததும் முந்தானையைப் பிடித்த கையும் என்னோடு வந்தது. படத்தில் இருக்கும் உன் கையை எடுத்துவிட்டு, அந்தக் கையை முழங்கையில் சேர்த்தாள். சேர்த்த இடம் தெரியவில்லை.

இப்போது பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நான் இருபத்தாறு வயசில் நிற்கிறேன். உன் மச்சான் ரிடையர் ஆகிற வயசில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் அவருக்கு மகள் மாதிரி இருக்கிறேன். மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார், பிள்ளையை இழுக்க அவர் கை எட்டாது, நடுவில் அம்மா இருக்கிறாள்.

பிள்ளையின் கன்னத்தில் ஒரு கோடு தெரிந்தது. மனிஷா கீறல் என்று நினைத்துத் துடைக்கப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். ஜடையை இழுத்துப் பின்னியதற்கு அன்றைக்கு நீ அழுதாயே, அந்தக் கண்ணீர்தான் அது. தங்காயிக்கும் தலை வாரினால் அழுகைதான்.

கடைசியில் மாலைக்கு வந்தாள். இப்போதெல்லாம் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாளாம். யார் யாருக்கு என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தேன். அய்யனுக்கு, அம்மாவுக்கு, உன் மச்சானுக்கு, மாமியாருக்கு. பிள்ளையிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அவளுக்குப் போட வேண்டும், உனக்குப் போடக் கூடாது. எனக்கும் கூடாது, அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். யாருக்குமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போட்டிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி மாலையும் போனதும், எல்லோரும் போட்டோவுக்காகச் சும்மா வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. முடிந்ததும் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள் போல இருந்தது.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பிரதி அனுப்புகிறேன். கௌரம்மாவே பிரிக்கட்டும். மாலை இல்லை என்று முதலில் சொல்லிவிடு. மருமகளுக்குச் சம்மதம் இல்லையென்றால் மாட்ட வேண்டாம், காகிதத்துக்கு அடியில் பழைய இடத்திலேயே வை.

இத்தனை வருஷமும் அவள் முகம் எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஹனூரில் வாயாடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். இனி மறந்தால் கம்ப்யூட்டர் வேண்டாம். பஸ் ஏறி வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா
பாப்பம்மாள்